மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"மின்னுறது என் கழுத்து இல்ல மேடம். உங்க மணிக்கட்டு."

"பேச்ச மாத்தாத, ரோமி. போய்க் கழுவு."

"மூணு தடவை கழுவியாச்சு. இனிமே தோல்தான் பாக்கி."

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். பயிற்சி தரும் அம்பாரோவுக்குக் கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. பட்டாங்காஸ் துறைமுகத்தில் நச்சுக் குண்டு வெடித்தால் முதலில் ஓட வேண்டிய தீயணைப்புக்காரர்கள் இவர்கள். பயிற்சிக்காக, நச்சுக்குப் பதிலாக இவர்கள்மேல் தூவிய மாவு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இருட்டுக் கூடாரத்தில் ஊதா விளக்கின் ஒளி பட்டால் பச்சையாக மின்னும். மின்னுகிறவன் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, அவனை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான் பாடம். காலையிலிருந்து தாண்டினார்கள், தொட்டார்கள், தோளில் கைபோட்டுக்கொண்டார்கள்.

பால் கட்டி மார்பு வலித்தது. வீட்டில் ஆறு மாதக் குழந்தை காத்திருந்தது.

எரிச்சலோடு விளக்கைத் தன் கைமேல் திருப்பினாள். அவள் இன்று மாவு டப்பாவைத் தொடவேயில்லை. ஈரத் தார்ப்பாயும் சோப்பும் மணந்த அந்த இருட்டில், மணிக்கட்டைச் சுற்றி யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் பச்சை விரல் தடங்கள். நான்கு. மோதிர விரல் இருக்க வேண்டிய இடம் காலி.

சிரிப்பு நின்றது. தீயணைப்புப் படையே 'குயா', அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட நெஸ்டருக்கு மோதிர விரல் கிடையாது. நேற்று இரவு முழுக்க அவருடைய சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம்," ரோமியின் குரல் இறங்கியிருந்தது, "குயா வீட்டுலேர்ந்து நேரா இங்க வந்தீங்களா? சாவு வீட்டுக்குப் போனா வழியில எங்கயாவது நின்னுட்டுத்தானே வரணும், நிக்கலயா? ஒரு காபிக் கடையில நின்னு உதறிட்டு வந்திருக்கலாமே. கூட வந்தது அங்கயே நின்னுருக்குமே."

"உங்க லட்சணத்துக்கு நிக்க எங்கடா நேரம்?"

குழாயடிக்குப் போனாள். தேய்த்தாள். தோல் சிவந்தது. விளக்கைப் பிடித்தாள்.

மணிக்கட்டு சுத்தம்.

தடம் முழங்கையில் இருந்தது.

மறுபடி தேய்த்தாள். தோளில். தண்ணீரைவிடச் சில்லென்று, மெதுவாக, நகர்ந்தது. கழுத்தெலும்பு. சட்டைக்குள், பால் கசிந்த இடத்தில், நான்கு விரல்களும் விரிந்து படிந்தன.

நிமிர்ந்தாள். ஆறு பேரும் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். ஒருவன் கால்கூடக் கோட்டில் படவில்லை. ஒருவரும் கை நீட்டவில்லை. முதல் தடவையாக, துளிப் பிழையில்லாமல்.

"ரோமி, பாப்பாவுக்குப் பால் குடுக்கப் போகணும்ப்பா. தீயணைக்கிற அந்தப் பெரிய தண்ணிக் குழாய என் மேல திருப்பு."