ஹோரியின் முதல்முகம்

மூன்றாம் நாள் வாசிப்பு முடியாமல் யாரும் முழுசாகச் செத்துப்போனதாக ஊர் இப்போதெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. உயிர் பிரிந்ததும் இதயத்திலிருந்து கடுகளவு தசை எடுத்து வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் காலையில் சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் வந்து உட்கார, வாசிப்பாளர் கருவியைத் திறப்பார். இதயம் துள்ளும் ஒவ்வொரு முறையும் தசைக்குள் மயிரிழையை விட மெல்லிய வளையம் ஒன்று அழுத்தமாக விழுகிறது. எந்த முகத்தைக் கண்டு துள்ளியதோ அந்த முகத்தின் சாயலும் அதோடு படிந்துவிடுகிறது. அப்படிப் படிந்திருப்பதன் பெயர் நெஞ்சேடு. அதைப் படித்துத் திரையில் காட்டும் கருவி வாசிப்பான். யார் முகம் அதிகம் வருகிறதோ அவர் முதல்முகம். படத்துக்கு முதல் மாலை போடும் உரிமை அவருக்குத்தான்.

வடிவு இருபத்தோரு வருடமாகத் திருநெல்வேலியில் வாசிப்பாளர். மூவாயிரத்துச் சொச்சம் நெஞ்சுகளை வாசித்தவள், கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். கமலாட்சி என்ற அம்மாளின் முகம் அவள் கணவன் நெஞ்சில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை வந்தபோது ஊரே அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டது. பிச்சம்மை என்று இன்னொருத்தி. நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். அவள் முகம் ஒரு தடவைகூட வரவில்லை. கையில் தயாராக வைத்திருந்த மாலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். "கருவி பொய் சொல்லாதும்மா" என்று வடிவு பின்னாலேயே போய் ஆறுதல் சொன்னாள். அதில் ஆறுதல் எங்கே இருந்தது என்று அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான், நைல் நதியைக் கடக்கிற படகில் வைத்து, அவள் கணவர் நெல்லைநாயகம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு வாசிப்பு வேண்டாம், வடிவு."

"என்ன சொல்லுதிய?"

"நான் போன பிறகு. கடுகளவுகூட எடுக்க விடாத. சத்தியம் பண்ணிக் குடு."

அவர் இதயம் இரண்டு வருடமாகத் தளர்ந்துகொண்டே வந்தது. இன்னும் ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேலைக்காக வடிவு எகிப்துக்குக் கிளம்பியபோது, நைலைப் பார்க்காமல் சாக மாட்டேன் என்று அடம்பிடித்துக் கூடவே வந்திருந்தார். வந்த இடத்தில் இதைச் சொல்கிறார்.

"யாரு முகம் வந்துருமோன்னு பயப்படுதிய?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பாளர் வீட்டிலேயே வாசிப்பு இல்லையென்றால் ஊர் என்ன பேசும் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. முப்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவரின் நெஞ்சில் தான் இருக்கிறோமா இல்லையா என்பது தெரியாமலே போய்விடுமே என்றுதான் தவித்தாள். சத்தியம் பண்ணிக் கொடுக்காமலே கரை இறங்கினாள்.

லக்சர் நகரின் மேற்குக் கரையில் ஹனான் காத்திருந்தாள். அகழாய்வுக்கு அவள்தான் தலைவி. அவள் பேசியது அரபி. வடிவின் காதில் இருந்த மொழிமாற்றி அதை அப்படியே திருநெல்வேலிப் பேச்சாக மாற்றிக் கொடுத்தது.

"மூவாயிரம் வருஷத்து நெஞ்சை வாசிக்கணும்னா எங்க ஆளுகளை விட்டா வேற நாதி கிடையாது. செத்தவனைப் பதப்படுத்தும்போது மூளையைக் கொக்கி போட்டு மூக்கு வழியா இழுத்துத் தூரப் போட்டுருவாவ. நெஞ்சை மட்டும் உடம்புக்குள்ளயே விட்டுருவாவ. மனுசன் யோசிக்கது, ஞாபகம் வைக்கது எல்லாமே அதாலதான்னு நினைப்பு."

வாசிக்க வேண்டியவன் பெயர் ஹோரி. அரசர்களின் கல்லறைச் சுவர்களில் கோட்டோவியம் போட்டவன். தனக்கும் மனைவி ஹெனுத்துக்கும் தன் ஊர் மலைச்சரிவில் ஒரு சின்னக் கல்லறை குடைந்து, அதன் சுவர்களையும் தானே தீட்டியிருந்தான். வேலை தொடங்குமுன் அதைப் பார்த்துவிடலாம் என்று ஹனான் கூட்டிப்போனாள். நெல்லைநாயகத்துக்கு உள்ளே ஒரு மடக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

அவர் முப்பத்தொரு வருடம் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவர். அணை, மதகு, பாலம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டே தேய்ந்தவர். உட்கார்ந்த மாத்திரத்தில் சுவரின் ஓரத்தில் தீட்டி முடிக்காமல் விட்டிருந்த உருவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏ வடிவு, இங்க பாரு. கட்டம் போட்டு வரைஞ்சிருக்கான். செவப்புல நூல் அடிச்சிருக்கான் பாரேன், எங்க ஆபீஸ் மாதிரியே." உள்ளங்காலிலிருந்து நெற்றி வரைக்கும் விரலால் காற்றிலேயே எண்ணினார். "பதினெட்டு கட்டம். அந்தா நிக்கானே, அவனும் பதினெட்டு."

"முகத்தைப் பக்கவாட்டுல போட்டுட்டுக் கண்ணை மட்டும் நேரா வச்சிருக்கானே, அது தெரியாமயா?"

"தெரியாம என்ன. நாங்க மேலருந்து பாக்க பிளானைத் தனியா, முன்னாலருந்து பாக்க எலிவேஷனைத் தனியா போடுவோம். இவன் ரெண்டையும் ஒரே ஆளு மேல போட்டுட்டான். எதை எங்கருந்து பாத்தா முழுசாத் தெரியுமோ அங்கருந்து பாத்திருக்கான். அசாத்தியமான ஆளு." மூச்சு வாங்கியது. சற்று நிறுத்திவிட்டு நடுச்சுவரைக் காட்டினார். அங்கே ஹோரியும் ஹெனுத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை அவன் தோளைச் சுற்றியிருந்தது. "அந்தக் கையைப் பாரு. செவப்புக்கு மேல கறுப்பு, கறுப்புக்கு மேல மறுபடியும் கறுப்பு. அஞ்சு தடவை திருத்தியிருக்கான்."

"கை வரலையோ என்னமோ."

"இதே செவத்துல இருபது கையை ஒரே இழுப்புல போட்டிருக்கான். இது மட்டும் அவன் மனசுக்குச் சரியா வரணும்னு நினைச்சிருக்கான்."

வெளியே வந்ததும் ஹனான் ஒரு பேழையைத் திறந்தாள். ஹோரியின் மார்பு மேல் வைத்திருந்த பச்சைக் கல் வண்டு. அதன் அடிவயிற்றில் பொடி எழுத்தாகச் செதுக்கியிருந்தது. செத்த பிறகு நெஞ்சைத் தராசில் வைத்து நிறுப்பார்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அந்த நேரத்தில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழுந்துவிடாதே என்று ஹோரி தன் சொந்த நெஞ்சிடமே கெஞ்சியிருந்தான்.

"அப்ப இவனுக்கும் மறைக்கதுக்கு என்னமோ இருந்திருக்கு" என்றாள் வடிவு, கணவர் காதில் விழும்படியாகவே. அவர் செருப்பில் ஏறிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வாசிப்பு பதினோரு நாள் பிடித்தது. காய்ந்து மரத்துண்டாகிப்போன தசையைப் பக்குவமாக நனைத்து, ஏடு ஏடாகப் பிரித்து, கடைசி நாள் பகலில் வாசிப்பானைத் திறந்தாள். ஹனானும் அவள் ஆட்களும் பின்னால் நின்றார்கள். எல்லோருக்கும் ஹெனுத்தின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மூவாயிரம் வருடத்துக் காதல் என்று பெரிய செய்தியாக வரும் அல்லவா?

திரையில் ஒரு முகம் எழுந்தது. அகன்ற தாடை, ஒரு பக்கம் சுருங்கிய கண், தோளில் சாத்திய கம்பு. அறுநூற்று முப்பத்தொன்று தடவை.

"யாரு இது?"

ஹனான் கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "கம்பு வச்சிருக்காம்லா, மேஸ்திரியா இருக்கும்."

அடுத்து ஒரு நாகப்பாம்பு, பன்னிரண்டு தடவை. கிணற்றடியில் யாரோ ஒரு பெண், பதினான்கு தடவை. ஒரு சின்னக் குழந்தையின் மூடிய கண்கள், ஒரே ஒரு தடவை. அந்த வளையம்தான் எல்லாவற்றிலும் ஆழமாக இருந்தது. ஹெனுத் வரவேயில்லை.

முதல்முகத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியது வாசிப்பாளரின் கடமை. இருபத்தோரு வருடப் பழக்கத்தில் வடிவு வாயைத் திறந்துவிட்டாள். கம்பு வைத்த மேஸ்திரிதான் ஹோரியின் உயிர் என்று எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஐந்து முறை திருத்திய கை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. எல்லோரும் தேநீர் குடிக்கப் போனபிறகு, இதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். இரண்டு துள்ளல்களுக்கு நடுவில் இருக்கும் சாதாரணத் துடிப்புகளின் லேசான வளையங்களை வாசிப்பான் தானாகவே தள்ளிவிடும். வெறும்பகுதி என்று பெயரிட்டு, கையோடு அழித்தும் விடும். தள்ளாதே என்று கட்டளை கொடுத்து, முழு ஏட்டையும் திரையில் விரித்தாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பார்க்கப் பார்க்க ஒரு வரிசை தெரிந்தது. எட்டு நாள் வளையங்கள் ஏறுமாறாக, நடுங்கிய கையெழுத்து மாதிரி. அடுத்த இரண்டு நாள் ஒரே சீராக, ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி. மறுபடி எட்டு, மறுபடி இரண்டு. பத்தொன்பது வருடத்துக்கு அப்படியே போனது.

ஹனானைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எட்டும் ரெண்டுமா வருதே, இது என்ன?"

"அவங்களுக்கு வாரம்னா பத்து நாளு. எட்டு நாளு மலைக்கு அந்தப் பக்கம், ராசா கல்லறைகிட்டயே கல்லுக் குடிசைல கிடந்து வேலை பாப்பாவ. ரெண்டு நாளு லீவு."

"லீவுல எங்க இருப்பாவ?"

"மலை இறங்கி வீட்டுக்குப் போயிருவாவ."

வடிவு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதாள். ஹெனுத்துக்காக மட்டும் அழவில்லை. பிச்சம்மையை நினைத்து அழுதாள். அந்த வீட்டு மனிதரின் நெஞ்சில் எத்தனை சீரான வளையங்கள் இருந்தனவோ, அத்தனையையும் அவள் கருவி வெறும்பகுதி என்று அழித்திருந்தது. திரும்பப் போய் எடுத்துக் காட்ட ஒரு துணுக்கு மிச்சமில்லை. கமலாட்சியின் ஞாபகமும் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தடவை அந்த அப்பாவி மனிதர் எதற்காகத் துள்ளினாரோ, பாவம்.

விடுதி மாடியில் நெல்லைநாயகம் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து, மேஸ்திரியிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். மேஸ்திரியைக் கேட்டுச் சிரித்தவர், எட்டும் இரண்டும் என்றதும் சிரிப்பை நிறுத்தினார்.

"இதுக்குத்தான் பயந்தியளா?" என்று கேட்டாள். "வேற யாராவது வந்துருவாவன்னு இல்ல. நான் வர மாட்டேன்னு."

அவர் தலையை ஆட்டினார். "பிச்சம்மை வீட்டு வாசிப்புக்கு உன்னைக் கூட்டிட்டு வர நான்தானே வந்தேன். அந்தம்மா எந்திரிச்சுப் போனதைப் பாத்தேன். அன்னைலருந்து நானும் யோசிச்சுப் பாத்துட்டேன், வடிவு. உன்னைப் பாத்து என் நெஞ்சு என்னைக்குத் துள்ளுச்சுன்னு ஞாபகமே இல்ல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட, சரி, இனிமே கவலையில்லன்னுதான் இருந்துச்சு. அதை அந்தக் கருவிக்கு எப்படிச் சொல்ல?"

வடிவு அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுட்டே" என்றார் அவர். "வாசிச்சுக்கோ. வெறும்பகுதியையும் சேத்து வாசி."

"வேண்டாம்."

"ஏன்?"

"சீரா இருக்கதெல்லாம் நான்தான்னு எப்படிச் சொல்ல முடியும்? அதுல பாதி நீங்க தூங்கினதா இருக்கும்."

"ஹோரியும் வீட்டுக்கு வந்து தூங்கித்தான் இருப்பான்" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று. "நீங்க கேட்டபடியே வாசிப்பு கிடையாது. சத்தியம்" என்று வடிவு அவர் உள்ளங்கையில் கையை வைத்தாள். அதைப் பண்ணிக் கொடுக்கும்போது அவளுக்கு வலிக்கவில்லை.

"சரி, உன் நெஞ்சுல என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

வடிவு யோசித்தாள். முப்பத்திரண்டு வருடம் அவரும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தார். மின்கட்டணம், மழைக்கு ஒழுகிய கூரை, அவள் கோபம், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அந்த வருடங்களில் அவர் முகத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு வருடம். பாத்ரூமில் சத்தம் கேட்டால், தொலைபேசி எடுக்க நேரமானால், மூச்சு ஒரு விநாடி தப்பினால்.

"நீங்கதான் முதல்முகம்" என்றாள். "அம்மாவுக்கு அப்பா மேல எம்புட்டு ஆசைன்னு நம்ம மக எல்லாருக்கும் சொல்லுவா. அம்புட்டும் பயம்னு அவளுக்குத் தெரியாது."

அவர் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மடியில் இருந்த கை கனத்தது. வடிவின் நெஞ்சு ஓங்கி ஒரு முறை துள்ளியது. குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்தாள்.

மூச்சு வந்துகொண்டிருந்தது. வெயில் இதமாக இருக்கவும் தூங்கிப்போயிருந்தார். அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தனக்குள் இப்போது அழுத்தமாக ஒரு வளையம் விழுந்திருக்கும், அதில் இந்த முகம் படிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவருக்குள்ளேயோ, அவள் மடியில் கை வைத்துத் தூங்கும் இந்தப் பகல் முழுக்க, வாசிப்பான் அழித்துவிடக்கூடிய வளையங்கள் சீராக விழுந்துகொண்டிருந்தன.