நெட்டையர் நகரத்தில் மிளகாய்

வீட்டில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் எப்போதும் மூக்கு நுனியில் கோபத்தோடு திரிகிறவளை அந்தப் பெயர் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? ஊருக்கே அவள் மிளகாய்தான்.

இப்போது அந்தக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. அதற்குக் காரணம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த நகரம்.

அங்கே இருந்தவர்கள் நெட்டையர்கள். ஏதோ ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்து இறங்கியவர்கள். வந்ததும் முதல் வேலையாக மதில் எழுப்பினார்கள். இரண்டாவது வேலையாக ஒலிபெருக்கி கட்டினார்கள். "கிட்டே வராதே! தள்ளிப் போ!" என்று பொழுது விடிந்ததிலிருந்து அவர்கள் மொழியிலேயே கத்தல். கத்திக் கத்தியே ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியைக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள், மகா புத்திசாலிகள்!

அவர்கள் வந்த பிறகுதான் ஊரில் சாம்பல் காய்ச்சல் வந்தது. மருந்தும் அவர்களிடம் மட்டும்தான் இருந்தது. மிளகாயின் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டபோது, அப்பா போய் நகரத்தின் கதவைத் தட்டினார். கை வீங்கும் வரை தட்டினார். கதவில் இருந்த சின்ன ஜன்னலைக்கூட யாரும் திறக்கவில்லை. அண்ணன் இறந்துபோனான்.

"அழுதுடு கண்ணு, மனசு லேசாகும்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மிளகாய் அழவில்லை. அண்ணன் என்ற சொல்லையே அன்று முதல் அவள் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் உடைந்துவிடுவோம் என்று பயம். உடைந்துபோக இப்போது நேரமும் இல்லை, ஏனென்றால் தங்கச்சிக்கு உடம்பு அனலாகச் சுட்டது.

"நான் உள்ள போயி மருந்து எடுத்துட்டு வரேன்" என்றாள் சித்தப்பாவிடம். சித்தப்பா தையல்காரர்.

"உனக்கென்ன பைத்தியமா? மாட்டினா அடைச்சு வச்சிருவாங்க!"

"அவங்க பெரியவங்கதான் கூரை உயரம். அவங்க பசங்க என் உயரம்தான். உங்களால போக முடியாது, என்னால முடியும். எனக்கு அவங்க கோட்டு மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்க."

சித்தப்பா திட்டினார், கெஞ்சினார், கடைசியில் ஊசியில் நூல் கோத்தார். தங்கச்சியின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

மதில் ஓட்டை வழியாகப் பார்த்தபோது ஒரு நெட்டைப் பையன் நடந்து போனான். அவன் கோட்டைப் பார்த்த சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்றாவி! தையலெல்லாம் வெளியே தெரியுது. பிசிறுகூட வெட்டல. இப்படியும் ஒருத்தன் தைப்பானா?"

"அப்படியே தைங்க சித்தப்பா."

"என் கையால இப்படி ஒரு அசிங்கத்தை..." என்று புலம்பிக்கொண்டே தைத்து முடித்தார்.

நெட்டையர்களின் நிறம் வருவதற்காக முகத்தில் சாம்பல் பூசியாயிற்று. நெட்டையர்களுக்கு நாலே விரல் என்பதால், சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து நூலால் கட்டியாயிற்று. மதிய நேரத்தில் மிளகாய் மதிலுக்கு அடியில் ஓடிய வாய்க்கால் வழியாக ஊர்ந்து உள்ளே போனாள்.

தெருக்கள் துடைத்துவிட்டது போல இருந்தன. கதவுகள் உயரமோ உயரம். ஒரு காவலாள் எதிரே வந்தான். ஆனால் அவன் அவள் கோட்டைப் பார்த்ததும் ஒதுங்கி, தலை குனிந்து வழிவிட்டான்.

அடுத்த தெருவிலும் அப்படித்தான். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு நெட்டைப் பெண் குனிந்து அவள் தோளைத் தடவிவிட்டுப் போனாள். மிளகாய்க்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் கோபம் இன்னும் அதிகமானது. 'தெருவில் வழிவிடத் தெரிகிறது, அப்பாவுக்குக் கதவு திறக்க மட்டும் தெரியாதா?' என்று பல்லைக் கடித்தாள்.

மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவள் உயரத்துக்கு முழங்காலிட்டார்.

"யாரை இழந்துட்டே, பாப்பா?"

மிளகாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோட்டைத் திருப்பிப் போட்டிருக்கியே. வீட்டுல சாவு விழுந்தவங்கதானே தையலை வெளியே போடுவாங்க?"

சித்தப்பா பார்த்த பையனும் யாரையோ இழந்தவன்தான். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதாவது பொய் சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் வாயில் எடுக்காத சொல் தானாகவே வெளியே வந்துவிட்டது.

"எங்கண்ணன்" என்றாள். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "உங்க கடை நிறைய மருந்து இருந்துச்சு. எங்கப்பா கதவைத் தட்டிட்டே நின்னாரு. உங்க எல்லாருக்கும் காது கேட்டுச்சு. ஒருத்தர்கூட வரல!"

சொல்லிக்கொண்டே மேசையில் ஓங்கி அறைந்தாள். நூல் அறுந்து ஐந்து விரல்களும் விரிந்தன. கண்ணீர் சாம்பலைக் கரைத்துக்கொண்டு வழிந்தது.

கடைக்காரர் அந்த விரல்களைப் பார்த்தார். அவர் கை சுவரில் இருந்த மணியை நோக்கிப் போனது.

"மணியை அடிங்க" என்றாள் மிளகாய். "விரல்தான் பொய். கோட்டு பொய்யில்ல."

அவர் கை பாதியிலேயே நின்றது. பிறகு ஒரு மருந்துப் புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வெளியாளுக்கு மருந்து தரக் கூடாதுங்கறது எங்க சட்டம். தையலை வெளியே போட்டவங்க கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதுங்கறது எங்க வழக்கம். வழக்கத்தை மீற எங்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. உங்க ஆளுங்க யாரும் இப்படி வந்து கேக்கலையே!"

"அதை ஒலிபெருக்கியில ஒரு நாளாவது சொன்னீங்களா?"

கடைக்காரர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "இது காய்ச்சலைப் பாதிதான் குறைக்கும். மீதி மருந்தெல்லாம் பெரிய கதவுப் பக்கம் கிடங்குல இருக்கு. நீ ஓடிப் போயிடு" என்றார்.

மிளகாய் வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கு மருந்து கொடுத்தாள். அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டபோது, அண்ணனுக்காக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்தும் கோபம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு சித்தப்பாவிடம் போனாள்.

"நம்ம ஊர்ல யாரையும் இழக்காத வீடு ஒண்ணாவது இருக்கா சித்தப்பா?"

"அப்படி ஒரு வீடு ஏது?" என்றார் சித்தப்பா.

"அப்போ எல்லாரையும் சட்டையைத் திருப்பிப் போடச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் ஊர் மொத்தமும் பெரிய கதவின் முன்னால் நின்றது. அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தபால்காரர் என எல்லோருடைய சட்டையிலும் தையல் வெளியே தெரிந்தது. ஒளிந்துகொள்ள யாரும் முகத்தில் சாம்பல் பூசவில்லை.

ஒலிபெருக்கி வழக்கம்போல ஆரம்பித்தது. "கிட்டே வராதே! தள்ளி..." என்று பாதியிலேயே நின்றுபோனது. கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தமும் கசமுசாவென்று பேச்சும் கேட்டன. பிறகு சின்ன ஜன்னல் கிரீச்சிட்டுத் திறந்தது.

காவலாள் கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது. அவர்கள் வழக்கப்படி முதல் ஆளிடம் அவன் கேட்டே ஆக வேண்டும்.

"யாரை... யாரை இழந்துட்டீங்க?" என்றான்.

முதல் ஆளாக நின்ற மிளகாய் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"முதல்ல மருந்தை எடுங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா சொல்றோம். எல்லாத்தையும் நின்னு கேட்டுட்டுத்தான் போகணும்!"