பார்வை திரும்பினால் செல்லாது

மாசிலாமணி உயிரோடிருக்கிறார் என்று மெய்ப்பிக்க இன்னும் இரண்டு மணி நேரமே இருந்தது. செவ்வாய்க் கோளின் குடியிருப்பில், காற்றடைத்த மூன்றாம் கவிகை மாடத்துக்குள் நடந்த ஆண்டுப் பொருட்காட்சியில், ராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் நடுவே, யாரோ எடுக்கும் படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுவதற்காக அவர் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார்.

அங்கே முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படத்துக்கு எப்போதோ மதிப்புப் போய்விட்டது. செத்தவரைப் படத்தில் சிரித்தபடி நடமாடவிட்டு, அவர் பங்குக் குடிநீரைப் பத்தாண்டுகள் பிடித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. எனவே குடியிருப்பை நடத்தும் வாரியம் ஒரு விதி செய்தது. முன்பின் தெரியாத ஒருவர் வேறு எதையோ எடுக்கும்போது, பின்னால் தன்பாட்டுக்கு நிற்பவராக ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிவாக வேண்டும். கண்ணுக்குள் பொருத்திய விழிப்பொறியால் மக்கள் எடுக்கும் படமெல்லாம் சாட்சியகம் என்ற பெரிய கணிப்பொறிக்குப் போகும். அது ஆளைக் கண்டுபிடித்து 'உயிருடன்' என்று குறித்துக்கொள்ளும். குறிக்கப்படாதவருக்கு வீட்டுக் கதவு திறக்காது, குழாய் சொட்டாது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் மனுவில் உயிருள்ளவர்தான் கையெழுத்திட வேண்டும்.

விதிக்கு ஓர் உட்பிரிவும் உண்டு. படத்தில் ஒருவரது பார்வை விழிப்பொறியின் பக்கம் திரும்பியிருந்தால் அது பாவனை, செல்லாது. அந்த உட்பிரிவை எழுதியவர், வாரியத்தின் இணை இயக்குநராக இருந்து சென்ற மாதம் ஓய்வுபெற்ற மாசிலாமணியேதான். பதவியில் இருந்த வரைக்கும் அவருக்கு விதிவிலக்கு இருந்தது.

பார்க்காமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று அவர் நினைத்ததே இல்லை. முப்பது ஆண்டுகள் ரிப்பன் வெட்டியவர். குத்துவிளக்கு ஏற்றும்போதுகூடத் திரியைப் பார்க்காமல் படமெடுப்பவரைப் பார்த்தே ஏற்றிப் பழகி, இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டவர். விழிப்பொறியை இயக்க யாராவது இமையை இருமுறை சிமிட்டினால் போதும். வயிறு உள்ளே போகும், மோவாய் மேலே வரும், உதட்டில் அந்தப் பழைய அரைப் புன்னகை. பாராட்டு விழாவில் போட்ட பொன்னிறப் பட்டையை வேறு தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தில் அடையாளம் தெரியுமாம். இதுவரை நாற்பத்தொரு படங்களில் விழுந்துவிட்டார். நாற்பத்தொன்றும் 'பாவனை' என்று திரும்பி வந்தன.

அவர் மனைவி சிவபாக்கியத்துக்கு உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடமே பதிவு ஆகிவிட்டது. காய்கறி அரங்கில் புடலங்காய் முற்றலா பிஞ்சா என்று நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ எடுத்திருந்தார்கள்.

"நீங்களும் எதையாவது நெசமாவே பாருங்களேன்," என்றாள்.

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"யாரு உங்களப் பாக்குறாங்கன்னுல்ல பாத்துட்டு இருக்கீங்க."

அவர் கோபித்துக்கொண்டு தனியே நடந்தார். மதியம் சாப்பிடாத பசி அப்பளக் கடையில் கொண்டுபோய் நிறுத்தியது. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு; குடையளவுக்குப் பொரித்தாலும் அப்பளம் தன் கனத்தில் தானே உடையாது. ஒன்று வாங்கினார். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. ஓரத்தைக் கடித்தால் நடுவே விரிசல் ஓடியது. விரிசலைப் பிடிக்கப்போனால் மறுபக்கம் பிய்ந்து, ஆற அமர மிதந்து இறங்கியது. அதை வாயாலேயே எட்டிப் பிடித்தார். பட்டை முழுக்க எண்ணெய். உலகத்தில் அவரும் அப்பளமும் மட்டுமே இருந்தார்கள்.

காதுக்குள் மணி ஒலித்தது. 'மாசிலாமணி: உயிருடன். ஐந்து மணிக்கு உறுதிசெய்யப்படும்.'

பெனசீர் என்ற பெண் ராட்டினத்தில் சுற்றிய தன் மகளை எடுத்ததில் அவர் விழுந்திருந்தார். அவளைத் தேடிப்பிடித்து நன்றி சொன்னவர், படத்தைக் காட்டும்படி கேட்டார். அவள் உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். திறந்த வாய், செருகிய கண், மூக்கு நுனியில் அப்பளத் துணுக்கு. முன்னாள் இணை இயக்குநரின் உருவமாகச் சாட்சியகத்தில் காலகாலத்துக்கும் இதுவா இருக்கப்போகிறது?

"இன்னொண்ணு எடுத்துடும்மா," என்றார்.

"இதுவே நல்லாருக்கே சார். நெசமா சாப்பிடுற மாதிரியே இருக்கு."

"அதான் வேணாங்கிறேன்."

வேறோர் அப்பளம் வாங்கினார். முகத்தையும் பட்டையையும் துடைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று, கடிக்காமல் கேடயம்போல் மார்போடு பிடித்தார். பெனசீர் பாவம் பார்த்து இருமுறை சிமிட்டினாள்.

சாட்சியகம் இரண்டு படங்களையும் ஒப்பிட்டது. அதே ஆள், அதே இடம், அதே பண்டம். முதலாவது ஒத்திகை என்று முடிவுகட்டி இரண்டையும் தள்ளிவிட்டது. மணி ஐந்தடித்தது.

நுழைவாயில் வளைவின் ஒளிப்பலகையில் 'கண்ணீர் அஞ்சலி' மலர்ந்தது. வாரியத்தின் வழக்கம் அது. இருக்கும் படங்களில் நன்றாக வந்ததைத் தானே தேர்ந்தெடுத்துப் போட்டுவிடும். சிவபாக்கியம் அவரைத் தேடிப்பிடித்து, கையைப் பற்றி அங்கே இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மார்போடு பிடித்த அப்பளத்தை வெட்டிவிட்டு, அரைப் புன்னகை முகத்தை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அடியில் மறைந்த நாளாக அன்றைய தேதியைப் போட்டிருந்தார்கள். கீழே கூடியவர்கள் பலகையை எடுக்க இமைகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கதவு தெறக்காதுங்க. தண்ணி வராது," என்றாள் அவள். "இனிமே என்னங்க பண்ணுவோம்?"

மாசிலாமணி தலையைச் சாய்த்துப் பலகையை நெடுநேரம் பார்த்தார். அன்று முழுவதும் அவர் அப்படி எதையும் ஊன்றிப் பார்த்ததில்லை, அப்பளத்தைத் தவிர. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதன் கீழே நின்றார்.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்," என்றார் மனைவியிடம். "மொதல்ல போர்டும் நானும் சேர்ந்து வர்ற மாதிரி ஒண்ணு எடு. தேதிய வெட்டிடாத."