சாகாத குருவிகள்

பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார் ஸ்ரீரங்கன். உள்ளே ஒரு செத்த கிளி.

"இது நாலாவது சார். ரெண்டு நாளா பறக்காம சுருண்டு உட்கார்ந்துண்டிருந்தது. பக்கத்து வீட்டு டீச்சர்தான் மருந்து வெச்சுட்டா. போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்."

ரிடையரான பிறகு இன்ஸ்பெக்டர் ராஜகோபாலுக்கு வருகிற கேஸெல்லாம் சந்தை கலைந்தபின் கூடையடியில் கிடக்கும் கத்தரிக்காய்தான். பேரம் பேசத் தெம்பில்லை. வேண்டாமென்று தள்ளவும் மனசில்லை. அவர் மைத்துனன் கிட்டுவுக்கோ எல்லாமே முதல் போணி. அதற்குள் செருப்பு மாட்டியாகிவிட்டது.

சிட்லபாக்கம் போகும் வழியில் ஸ்ரீரங்கன் மீதியைச் சொன்னார். மனைவி பட்டு வாதத்தில் படுத்தவள். அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டுமென்று ஜன்னலுக்கு வெளியே மரப்பலகையில் ஒரு தீனிப்பெட்டி செய்து மாட்டினார். கிளிகள் வந்தன. வந்த கிளிகள் தபீதாள் டீச்சரின் கொய்யாவையும் விட்டுவைக்கவில்லை. "மருந்து வெச்சாத்தான் இதுங்க அடங்கும்" என்று டீச்சர் மதில்மேல் கத்தினாள். அடுத்த வாரமே முதல் கிளி விழுந்தது. ஸ்ரீரங்கன் டீச்சரை வீட்டுப் படியேறக் கூடாதென்றார். சாயங்காலம் பட்டுவுக்குத் தொடர்கதை படித்துக்காட்ட வந்துகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அன்றிலிருந்து பட்டு இவரோடு பேசுவதில்லை.

ரயில்வேயில் பாலங்களைப் பராமரித்த மனுஷர் வீடு தூரத்திலேயே தெரிந்தது. கேட், கிணற்றுக் கப்பி, தீனிப்பெட்டி, எல்லாம் பளபளவென்று பச்சைப் பெயின்ட். பெட்டியில் சிட்டுக்குருவிகள் கவலையில்லாமல் நெல் கொத்திக்கொண்டிருந்தன.

"குருவி ஏதாவது செத்துதா சார்?" என்று கேட்டார் ராஜகோபால்.

"இல்லையே. ஒண்ணுகூட இல்லை."

"மாமா, கிளி மூக்கெல்லாம் ரத்தம்!" என்றான் டப்பாவைச் சுமந்துவந்த கிட்டு.

"கிளி மூக்கு சிவப்பாத்தாண்டா இருக்கும்." சொன்னவர் ஏனோ நின்றார். டப்பாவை வாங்கி அலகைப் பிளந்து பார்த்தார். நாக்கின்மேலும் செந்தூளாக ஏதோ ஒட்டியிருந்தது.

பெருமூச்சு விட்டுவிட்டு, டீச்சரை மதிலோரம் கூப்பிடச் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள், சண்டைக்குத் தயாராக.

"நெல்லுல மருந்து கலந்திருந்தா மொதல்ல குருவிதான் போயிருக்கும்" என்றார் ராஜகோபால். "குருவி நெல்லை மட்டும் கொத்தும். கிளி கட்டையையும் கடிக்கும். விளிம்பைப் பாருங்க."

விளிம்பு கொறிபட்டிருந்தது. பச்சைக்குக் கீழே சிவப்பு.

"அது என்ன சார்?"

"செவப்பு ஈயம். பெயின்ட்டுக்கு அடியில அடிக்கிற முதல் கோட்டு" என்றார் ஸ்ரீரங்கன், கொஞ்சம் பெருமையாகவே. "அது இல்லாம வெயில் மழையில எது சார் நிக்கும்? பாலத்துக்கே அதைத்தான்..."

"பாலத்தை யாரும் கடிக்கறதில்லை சார்."

டீச்சர் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்துவிட்டாள்.

"எலி மருந்துன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். ஈயம் சோர வெச்சுச் சோர வெச்சுக் கொல்லும். இந்தப் பெட்டியைக் கழட்டிடுங்க. அடுப்புலகூட வைக்காதீங்க, புகையும் விஷம். தேக்குல புதுசா பண்ணுங்க. தீனி படற இடத்துல ஒண்ணும் பூச வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய், மெல்லிசா. வாசனை போற வரைக்கும் வெயில்ல காயட்டும். கடைக்காரன் காய்ச்சின எண்ணெயைத் தலையில கட்டுவான், சீக்கிரம் காயும்னு. காயறதுக்காக அதுலயும் ஈயம் சேர்ப்பாங்க. வாங்காதீங்க."

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"வருஷா வருஷம் தடவணும்." ராஜகோபாலுக்கு அதைச் சொல்லவே அலுப்பாக இருந்தது.

ஸ்ரீரங்கன் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர்தான் கொன்னாள்னு பட்டுகிட்ட சொல்லிட்டேன் சார். இப்ப நீங்களே எப்படியாவது..."

"எல்லாம் கேட்டுண்டுதான் இருக்கேன்" என்றது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். "டீச்சர், கதையை எங்க விட்டோம்?"

தபீதாள் அசையவில்லை. "படியேறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேம்மா."

ஸ்ரீரங்கன் யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். பச்சைக் கேட்டை அகலத் திறந்து, டீச்சர் சுற்றிக்கொண்டு வரும்வரை பிடித்தபடியே நின்றார்.