கேப்டன் திம்திம்மின் தொப்பை எங்கே?

தியேட்டரில் விளக்கு அணைந்தது. மாமா புதுச் சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருட்டுல யாரு மாமா உங்களைப் பார்க்கப் போறாங்க?" என்று மைக்கூடு கேட்டாள்.

"இருக்கட்டுமே. என் கதை சினிமாவா வருது. நான் ஒழுங்கா இருக்க வேண்டாமா?"

மைக்கூடு என்பது மாமா வைத்த பட்டப்பெயர். அவளுடைய அம்மா சிறுவர் மாத இதழ் ஒன்றில் படக்கதை வரைபவர். பள்ளி விட்டு வந்ததும், படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் தூரிகையால் மை நிரப்புவது அவள் வேலை. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் விரல்களில் மை இருக்கும். சில நாள் மூக்கிலும் இருக்கும்.

அம்மாவின் கதைகளில் வரும் வீரர்தான் கேப்டன் திம்திம். குள்ளம். பெரிய மீசை. அதைவிடப் பெரிய தொப்பை. ஆபத்து என்றால் தொப்பையை இரண்டு தட்டுத் தட்டுவார். 'திம்! திம்!' என்று சத்தம் வரும். உடனே பாய்ந்துவிடுவார்.

அந்தக் கேப்டன் வேறு யாரும் இல்லை, மாமாதான். அவர் பேருந்து ஓட்டுநர். ஒருநாள், சரக்கு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று கைநழுவி மேட்டுச் சாலையில் உருண்டு வந்தது. கீழே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். மாமா பேருந்திலிருந்து குதித்தார். வண்டிக்கு நேரே போய் நின்றார். வண்டி அவர் தொப்பையில் வந்து மோதி நின்றது. அம்மா அன்றைக்கே முதல் படத்தை வரைந்துவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு கதைக்கும் மாமாதான் மேஜை மேல் ஏறி நின்று காட்டுவார். பறப்பது போல் நிற்பார். தலையணையை முதலை என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுவார்.

திரையில் புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து ஒருவர் நடந்து வந்தார். நல்ல உயரம். மீசை இல்லை. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் சாக்லேட் கட்டி போல வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. அவர் விரலைச் சொடுக்கினார். தீப்பொறி பறந்தது. தியேட்டர் முழுக்க ஒரே விசில்.

"அம்மா, கேப்டன் எப்போ வருவார்?" என்று மைக்கூடு கிசுகிசுத்தாள்.

அம்மா திரையைக் காட்டி, "அவர்தான்மா கேப்டன்" என்றார்.

மாமா மெதுவாகத் தன் தொப்பை மேல் கையை வைத்துக்கொண்டார். இடைவேளையில் அவர் பாப்கார்ன்கூட வாங்கவில்லை. விஷயம் பெரிதுதான் என்று மைக்கூட்டுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

சில நாள் கழித்து இதழின் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். நிமிர்த்தி வைத்த ஸ்கேல் போல இருப்பார். நல்ல செய்தி என்றால் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். அன்றைக்கு டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்த இதழ்லேருந்து கேப்டன் சினிமால வர்ற மாதிரியே இருக்கணும், மேடம். அட்டை அச்சுக்குப் போயாச்சு. அந்த நடிகர் படம்தான் போட்டிருக்கோம்."

"அப்போ நம்ம கேப்டன்?" என்று அம்மா கேட்டார்.

"படம் பார்த்துட்டுப் புதுசா வர்ற பசங்க புத்தகத்தைத் திறந்தா, 'யாரு இந்தக் குண்டு ஆளு?'ன்னு கேப்பாங்க. இதழை இப்பல்லாம் யாரும் வாங்கறதில்லைன்னு உங்களுக்கே தெரியும். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டா, கடையை மூட வேண்டியதுதான்." அவர் குரல் இறங்கியது. "எனக்கும் மனசு கேக்கலை."

வேலை முடிந்து வந்த மாமா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு, அக்கா. இனிமே மேஜை மேல ஒத்தைக் கால்ல நிக்க வேண்டாம். என் முட்டி தப்பிச்சுது!" என்று சிரித்தார்.

அவர் ஒருவர்தான் சிரித்தார்.

அன்றிலிருந்து மாமா இரவில் வெள்ளரிக்காய் மட்டும் தின்றார். மொட்டை மாடியில் மூச்சிரைக்க நடந்தார். அம்மா வரையும் அறைப் பக்கம் வருவதே இல்லை.

மைக்கூடு பள்ளிக்குப் போவது மாமாவின் பேருந்தில்தான். ஒரு காலையில், முதுகை மறைக்கும் பையோடு ஒரு குட்டிப் பையன் ஏறினான். "டிரைவர் அங்கிள், திம்திம் பண்ணுங்க!" என்றான்.

வழக்கமாக மாமா தொப்பையைத் தட்டிக் காட்டுவார். பேருந்தே கைதட்டும். அன்று அவர் திரும்பிப் பார்க்காமல், "கேப்டன் வேற ஆளுப்பா. போய் உட்காரு" என்றார்.

பள்ளி வரும் வரை மைக்கூடு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அம்மா புதுக் கேப்டனை வரைந்திருந்தார். மை நிரப்ப உட்கார்ந்த மைக்கூடு தூரிகையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

போன இதழ் நல்ல கட்டத்தில் நின்றிருந்தது. துளையன் என்ற வில்லன் ராட்சத எந்திரத்தால் அணையில் ஓட்டை போட்டுவிட்டான். தண்ணீர் ஊரை நோக்கிப் பாய்ந்தது. கேப்டன் ஓடிப்போய்த் தன் தொப்பையால் ஓட்டையை அடைத்தார். 'தொடரும்' என்று முடிந்திருந்தது.

"அம்மா, ஓட்டை இவ்ளோ பெருசா இருக்கே."

"போன மாசம் அப்படித்தானே வரைஞ்சோம்?"

"ஆனா இவர் வயிறு இத்தனூண்டுதான் இருக்கு. சுத்தித் தண்ணி கொட்டுமே. தண்ணி என்ன, இவரே அந்தப் பக்கம் விழுந்துடுவாரே!"

அம்மா படத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு நின்றது.

ஓட்டையைச் சின்னதாக்கிப் பார்த்தார். போன இதழ் எல்லார் வீட்டிலும் இருக்குமே! கேப்டன் கையில் ஒரு பலகையைக் கொடுத்துப் பார்த்தார். அணைக்கு நடுவில் பலகை எங்கிருந்து வரும்? அழித்து அழித்துக் கடைசியில் தாளே கிழிந்துவிட்டது.

மறுநாள் மாலை ஆசிரியர் படங்களை வாங்கிப் போக வந்தார். மேஜை மேல் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

"முடியலை சார். அந்த ஓட்டையை இவரால அடைக்க முடியாது" என்றார் அம்மா.

"மேடம், இது கதைதானே? ஓட்டையை யாரு அளந்து பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்தேனே!" என்றாள் மைக்கூடு. "எனக்கே தெரிஞ்சா எல்லாப் பசங்களுக்கும் தெரியும்."

அவள் கொல்லைப்புறம் ஓடினாள். தன் பழைய சைக்கிளின் டயரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், கொஞ்சம் கையைத் தூக்குங்க."

எதற்கு என்று யோசிக்கும் முன்பே ஆசிரியர் கையைத் தூக்கிவிட்டார். அவள் நாற்காலி மேல் ஏறி, டயரை அவர் தலைக்கு மேலே பிடித்து, கையை விட்டாள். டயர் மார்பைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது, முழங்காலைத் தாண்டியது. தொப்பென்று அவர் காலைச் சுற்றித் தரையில் விழுந்தது.

"ஊர் மூழ்கிடுச்சு, சார்" என்றாள் மைக்கூடு.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா! கொஞ்சம் வாங்களேன்!"

மாமா கையில் பாதி வெள்ளரிக்காயோடு வந்தார். டயர் அவர் தலையைத் தாண்டியது, தோளைத் தாண்டியது. தொப்பையில் வந்து கப்பென்று நின்றது. மைக்கூடு அழுத்தினாள். தொங்கினாள். டயர் அசையவே இல்லை.

"ஊர் தப்பிச்சுது!"

ஆசிரியர் சிரித்தே விட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நான் தோத்தேன். ஆனா அட்டையை என்ன பண்றது? அட்டைல ஒருத்தரைப் போட்டுட்டு உள்ள அவர் இல்லைன்னா, பசங்களை ஏமாத்தின மாதிரி ஆகாதா?"

அதுவும் நியாயம்தான். மேஜை மேல் நடிகரின் புகைப்படம் கிடந்தது. இத்தனை தகராறும் தன்னால்தான் என்று தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மைக்கூடு அதையே பார்த்தாள்.

"அவரும் உள்ள வரட்டும், சார். கேப்டனா இல்லை. கேப்டனா நடிக்க வந்தவரா வரட்டும். அணைல ஷூட்டிங் நடக்குது. அவர் கேமரா முன்னாடி வசனம் பேசிட்டு இருக்கார். அப்போதான் துளையன் நிஜமாவே ஓட்டை போடறான்!"

அம்மாவின் கண்கள் பளிச்சிட்டன. "கேப்டன் வர்றதுக்குள்ள அவர் அடைக்கப் போய், ஓட்டை வழியா வழுக்கி விழுந்துடறார்!"

"நல்லா நாலு முழுக்குப் போடட்டும்!" என்றார் மாமா. பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் தெம்பு வந்தது.

மைக்கூடு தலையை ஆட்டினாள். "வேண்டாம் மாமா. படம் பார்த்த பசங்களுக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு. அவரைக் கேலி பண்ணினா, உங்களை மாத்தினப்போ எனக்கு இருந்த மாதிரிதானே அவங்களுக்கும் இருக்கும்?"

மாமா தலையைச் சொறிந்துகொண்டார்.

"அவருக்கும் ஒரு வேலை குடுப்போம்" என்றாள். "தண்ணியை வேற பக்கம் திருப்பற சக்கரம் ஒரு குழாய்க்குள்ள இருக்கு. ரொம்பக் குறுகலான குழாய். கேப்டன் ஓட்டையை விட்டு நகர முடியாது. நகர்ந்தாலும் அதுக்குள்ள நுழைய முடியாது. ஒல்லியா இருக்கறவர்தான் போக முடியும். அவர் பயந்துகிட்டே போறார். ஆனா போறார்!"

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். மோட்டுவளையைப் பார்த்தார். "இன்னொரு டீ கிடைக்குமா?" என்றார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "நாளைக்குப் படம் ரெடியாயிடுமா?" என்று கேட்டார்.

அம்மா அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டார். மாமா வெள்ளரிக்காயை வைத்துவிட்டு மேஜை மேல் ஏறினார். தொப்பையில் இறுகிய டயர் கழன்று வரவில்லை.

"கழட்டாதே, அப்படியே நில்லு!" என்று அம்மா கத்தினார். "இதேதான் எனக்கு வேணும்!"

புது இதழ் வந்த அன்று, பேருந்தில் அந்தக் குட்டிப் பையன் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். அவன் தலைக்கு மேல் பல தலைகள் எட்டிப் பார்த்தன. 'டைரக்டர் சார், கட் சொல்லுங்க, நிஜத் தண்ணி வருது!' என்று நடிகர் அலறும் இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் இருட்டுக் குழாய்க்குள் ஊர்ந்து போகும் பக்கத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கரம் சுற்றியது. தண்ணீர் திரும்பியது. பேருந்துக்குள் கைதட்டல் காதைப் பிளந்தது. சீட்டுக் கொடுக்க வேண்டிய நடத்துநர்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கேப்டன் திரும்பி வந்துட்டார்!" என்று பையன் கத்தினான்.

அடுத்த நிறுத்தத்தில் மாமா பேருந்தை நிறுத்தினார். இருக்கையிலிருந்து எழுந்தார். பேருந்தே அதிரும்படி, திம்! திம்!

கடைகளில் இதழ் தீர்ந்துபோனது. மறுபடி அச்சடித்தார்கள். அதுவும் தீர்ந்தது. இந்தத் தடவை ஆசிரியர் டீ குடிக்க வரும் வரைகூடப் பொறுக்கவில்லை. தொலைபேசியிலேயே, "இதழ் பிழைச்சுது, மேடம்! உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க!" என்று கூவினார்.

அடுத்த மாதம் நூலகத்தில் வாசகர் கூட்டம் நடந்தது. உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஏறி நின்றார்கள். அந்த நடிகரும் வந்தார்.

அவர் நேராக மைக்கூட்டிடம்தான் வந்தார். மை படிந்த அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கதைல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பீங்கன்னு பயந்துகிட்டே படிச்சேன். எனக்கும் ஒரு நல்ல வேலை குடுத்திருக்கே. ரொம்ப தேங்க்ஸ்மா."

பிறகு சுற்றும்முற்றும் பார்த்தார். "நிஜக் கேப்டன் எங்கே?"

மாமா கடைசி வரிசையில் சீருடையோடு கூச்சமாக நின்றிருந்தார். பிள்ளைகள் அவரைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணே, உங்க கதையைப் படிச்சுட்டு எங்க டைரக்டர் அடுத்த படத்தையே மாத்திட்டார்" என்றார் நடிகர். "படத்துல எனக்கு டபுள் ஆக்ட். ஒருத்தன் நடிகன். இன்னொருத்தர் கேப்டன், நீங்க இருக்கற மாதிரியே. வயித்துல பஞ்சு வெச்சுக் கட்டிக்கலாம்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். நிஜத் தொப்பைதான் வேணும்."

அவர் மாமாவின் காதருகே குனிந்தார். "வளர்க்க எவ்வளவு நாள் ஆகும், அண்ணே?"

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். சாக்லேட் கட்டி வயிற்றை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்று காய்ந்த கட்டை போலச் சத்தம் வந்தது. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க, தம்பி. இதெல்லாம் அவசரப்பட்டா வராது."