சிராஜுதீனின் வண்டி கோட்டில் நிற்கவில்லை

சிராஜுதீனின் மோட்டார் சைக்கிள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது காலை எட்டு மணி இருக்கும். தாண்டியதோடு விட்டதா? சோதனை நடத்த வந்திருந்த பிரெஞ்சு எஞ்சினியர் துரையின் மேசையை இடித்து உருட்டியது, துரையை வரப்பில் மல்லாக்கத் தள்ளியது, கடைசியில் தானும் வாய்க்காலுக்குள் தலைகுப்புற விழுந்தது. பின்சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சிராஜுதீன் வண்டிக்கு அடியில் கிடந்தான். அவன் வலது கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

1934, மாசி மாதம், பாகூர் ஏரிக்கரை. பிரெஞ்சுக்காரன் ஆட்சி.

அந்தக் காலத்து வண்டிச் சோதனையைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், போங்கள். வண்டி ஏரிக்கரைமேல் ஏற வேண்டும். அங்கிருந்து சரிவில் விசையாக இறங்க வேண்டும். அடியில் ஒரு சுண்ணாம்புக் கோடு. முன்சக்கரம் கோட்டில் நின்றால் ஓட்டிக்கொண்டு போகலாம், தாண்டினால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். சோதனைக்கு வரும் வண்டிகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை எண்ண முடியாது. வேர்க்கடலை விற்பார்கள், பந்தயம் கட்டுவார்கள், எந்த வண்டி நின்றாலும் விசிலடிப்பார்கள். எப்பேர்ப்பட்ட நாட்கள்!

அந்தக் கூட்டம் காத்திருந்ததெல்லாம் இரண்டு பேருக்காகத்தான். ஒருவன் வில்லியனூர் ஜவுளிக்கடை சிராஜுதீன். மற்றவன் பாகூர் உலகநாதன், கரும்பு வயல்காரன். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு வண்டியும் கரையாம்புத்தூர் வரை சேர்ந்தே போகும், சேர்ந்தே வரும். உலகநாதனுடையது புதுசு. சிராஜுதீனுடையது எவனோ வெள்ளைக்காரன் ஓட்டித் தேய்த்துக் கழித்தது. அதன் பின்சக்கரத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஓர் இரும்பு வளையம் இருக்கும். காலால் மிதித்தால் ஒரு கட்டை போய் அந்த வளையத்தைக் கவ்வும். அதுதான் பிரேக். முன்சக்கரத்து பிரேக் பேருக்குத்தான். கட்டை கவ்வும்போது எழும் கிறீச்சு இருக்கிறதே, அப்பப்பா! சிராஜுதீன் ஏம்பலத்தில் பிரேக் பிடித்தால் பாகூரில் உலை வைத்துவிடலாம், விருந்தாளி வருகிறான் என்று.

காவல் தலைவர் குழந்தைவேல் வந்து சேர்ந்தபோது சிராஜுதீனைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். பிரிகாதியே என்பது அவர் பதவி, சிவப்புக் கெப்பி அவர் தொப்பி. மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. தன் மிதிவண்டியை வேலமரத்தில் சாய்த்துவிட்டு, வாய்க்காலில் இறங்கினார்.

பின்சக்கரத்து வளையத்தை விரலால் வழித்தார். விரல் கறுத்தது. முகர்ந்து பார்த்தார். விளக்கெண்ணெய் வாடை, கூடவே கருக்கின வைக்கோல் வாடை.

"வண்டி மை" என்றார். மாட்டுவண்டி அச்சில் தடவுகிற மை. வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் வைத்திருப்பார்கள்.

"தானாக வழிந்ததா?" துரை பிரெஞ்சில் கேட்டார். அவர் காற்சட்டையெல்லாம் சேறு.

"இல்லை. சுற்றிலும் நிதானமாகப் பூசியிருக்கிறார்கள்."

முகவிளக்கின் கீழேயும் விரல் அகலத்துக்கு அதே கறுப்பு இருந்தது. விழும்போது தெறித்திருக்கும் என்றார் துரை. குழந்தைவேல் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்படியானால் இது கொலை முயற்சி" என்றார் துரை. "அவனோடு நானும் போயிருப்பேன்."

கூட்டம் மொத்தமும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தது. சற்றுமுன் கோட்டில் கச்சிதமாய் வண்டியை நிறுத்தி விசில் வாங்கிய உலகநாதன், பேச்சு காதில் விழாத தூரத்தில் ஓரமாய் வெளுத்துப்போய் நின்றிருந்தான்.

பார்த்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் சந்தையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. யார் வண்டி ஒழுங்காய் நிற்கும் என்று கிண்டலில் தொடங்கியது, கிண்டல் முற்றி, "நாளைக்குப் பாருடா, உன் வண்டி கோட்ல நிக்கவே நிக்காது" என்று உலகநாதன் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான். உலகநாதன் சொன்னால் சும்மா இல்லை. அவனுக்குக் கருநாக்கு என்று ஊரில் பேச்சு. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் பார்த்து "இது பொழைக்காது" என்றானாம், மறுநாளே செத்ததாம். சிராஜுதீனுக்கு முகம் சுண்டிவிட்டது. வழக்கமாய் உலகநாதன் வீட்டில் தங்குகிறவன், அன்றைக்கு மைதீன் பிச்சை கடையில் போய்ப் படுத்துக்கொண்டான். வண்டி மட்டும் உலகநாதன் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது. காலையில் வந்தவன் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசாமல் எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறிவிட்டான். கூப்பிடு தூரம், அதுவும் மேட்டு வழி. பிரேக் தேவைப்படவேயில்லை.

காவல் சாவடி. முற்பகல்.

"சிராஜு வண்டி உன் கொட்டகையிலதான நின்னுது?" என்று தொடங்கினார் குழந்தைவேல்.

"ஆமாங்க."

"உள்ள வேற யாரு வந்தா?"

"வெளியாளு யாரும் வர்ல."

"அப்ப யாரு பண்ணது?"

உலகநாதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. "என்னாலதாங்க ஆச்சு. வேற யாரையும் கேக்காதீங்க. என்னாலதான்."

துரை நாற்காலியை விட்டு எழுந்தார். குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு என்ன விசாரணை? சாயங்காலம் தான் காரில் புதுச்சேரி திரும்பும்போது இவனுக்கு விலங்கு மாட்டி உடன் அனுப்ப வேண்டும் என்றார்.

குழந்தைவேல் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டார். "மைய எங்கருந்து எடுத்த?"

"எந்த மைங்க?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கெப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் வரைதான் நேரம்.

உச்சி வெயில். உலகநாதன் வீட்டுக் கொட்டகையில் கரும்பு வண்டிகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மைக்குழாய் தொங்கியது. வண்டிக்காரன் செல்லக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"குழாய யாரு தொட்டா?"

"எனக்குத் தெரியாதுங்க. மூணாவது வண்டிக் குழாயில மை கொறஞ்சிருக்குது, அத மட்டும் பாத்தேன்."

"சிராஜு வண்டி மேல உனக்கு இன்னா கோவம்?"

"கோவமா? அந்தச் சனியன் கிட்டயே நான் போமாட்டேன். அது கத்தற கத்தலுக்கு என் மாடு நொகத்த முறிச்சிக்கினு ஓடுது."

உள்ளேயிருந்து உலகநாதனின் மனைவி தையலம்மாள் மோர் கொண்டுவந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. செம்பை நீட்டிய கையில், நகக்கண்ணில் கறுப்பு. அடுப்புக்கரி யாருக்கு ஒட்டாது?

"சிராஜண்ணன் எப்பிடிங்க இருக்குது? கால் வருமாங்க?"

"வைத்தியரு பாக்குறாரு. உன் வூட்டுக்காரன் ஒத்துக்கினான், தெரியுமா?"

"அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்! அவரு நாக்கு அப்பிடி." முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "எவ்ளோ பண்ணியும் அந்த நாக்கு வேலையக் காட்டிடுச்சேங்க."

குழந்தைவேல் மோரைக் குடித்து முடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கையை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சிராஜுதீன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டின காலோடு கிடந்தான். அவன் மனைவி சபுரா வில்லியனூரிலிருந்து வந்து தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பிரேக்க மிதிச்சியா?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"ரெண்டு காலாலயும் மிதிச்சேங்க. கட்டை வழுக்கிக்கினே போவுது."

"சத்தம்?"

சிராஜுதீன் கண்ணை மூடி யோசித்தான். "அட, ஆமாங்க! சத்தமே வர்ல. எத்தினி வருசமா கத்தின வண்டி, ஊமையாட்டம் எறங்கிச்சு." பிறகு மெதுவாகக் கேட்டான். "உலகுவப் புடிச்சி வச்சிருக்கீங்களாமே? அவன் செய்யமாட்டாங்க. வாய்தான் அவனுக்கு. இந்தச் சண்டையும் வேணாம், வண்டியும் வேணாம், அவன விட்ருங்க."

வெயில் தாழ்ந்தது. துரையின் கார் உலகநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றது. வரச்சொன்னவர் குழந்தைவேல். கையில் விலங்கோடு உலகநாதனையும் அங்கேயே கூட்டிவந்திருந்தார். வாய்க்காலிலிருந்து தூக்கிய மோட்டார் சைக்கிள் கொட்டகையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மை பூசியவன் சிராஜுதீனைக் கெடுக்க நினைத்தான் என்கிறீர்கள்" என்றார் குழந்தைவேல், துரையிடம். "அப்படியானால் இது என்ன?" முகவிளக்கின் கீழிருந்த கறுப்பைக் காட்டினார்.

"காலையிலேயே சொன்னேனே, தெறித்தது."

"தெறித்தால் சிதறும். இது வட்டமாக, ஒரே விரலால் அழுத்தி வைத்தது. எங்கள் வீடுகளில் குழந்தைக்குக் கன்னத்தில் வைப்போம், யார் கண்ணும் படக்கூடாது என்று. திருஷ்டிப் பொட்டு. கொல்ல வந்தவன் பொட்டு வைத்துவிட்டா போவான், துரை? இது வண்டி நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று நினைத்த கை." திரும்பினார். "தையலம்மா, ஒண்ணு கேக்கறேன். சக்கரம் கத்திச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

"மை போடுவோங்க." அவளுக்கு இதில் மறைக்க ஒன்றுமிருந்ததாகவே தெரியவில்லை. "அந்த வண்டியும் கத்திக்கினே இருக்கும். சிராஜண்ணனுக்கு அது கூடத் தெரியலயேன்னு, நேத்து சாயங்காலம் கத்தற அந்த வளையம் பூரா நல்லா மை போட்டு வச்சேன். இவரு வேற சந்தையில அப்பிடிச் சொல்லிட்டாரா, அதே மையில பொட்டும் வச்சேன். அவ்ளோ செஞ்சும்..."

 

"மாட்டுவண்டிக்கு ஏது பிரேக்?" என்றார் குழந்தைவேல் துரையிடம். "இது சமவெளி. மாடு நின்றால் வண்டி நிற்கும். இந்த அம்மாள் பிறந்ததிலிருந்து அறிந்த சக்கரம் ஒன்றுதான்; கத்தினால் அதற்கு மை வேண்டும். வண்டி நிற்கவில்லை என்று காலையிலிருந்து ஊரே பேசியது. வண்டி கத்தவில்லை என்று யாரும் பேசவில்லை. இவன் ஒப்புக்கொண்டதும் தன் நாக்கைத்தான். மை என்றதும் என்னைப் பார்த்து முழித்தான்."

பிறகு தையலம்மாளிடம் திரும்பி, பக்குவமாய்ச் சொன்னார். "அந்தக் கட்டை கத்தினாத்தாம்மா வண்டி நிக்கும்."

தையலம்மாளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உலகநாதன் விலங்குக் கையோடு போய் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சின்ன வயதிலிருந்து சுமந்த கன்றுக்குட்டியை அன்றைக்குத்தான் இறக்கி வைத்தவன் போல இருந்தான். அழுதுகொண்டே, "என் நாக்கு இல்லடி, என் நாக்கு இல்ல" என்றான்.

துரை குனிந்து அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு விலங்கைக் கழற்றச் சொன்னார். அறிக்கையில் விபத்து என்றே எழுதினார். காரில் ஏறப்போனவர் நின்று, தன் கார் விளக்குக்கும் ஒரு பொட்டு வைக்க முடியுமா என்று கேட்டார். தையலம்மாள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வைத்தாள். குழந்தைவேல் மைக்குழாயை உடனே வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார், சக்கரம் வரைக்கும் போய்விடப் போகிறாள் என்று.

விளக்கு வைக்கும் நேரத்தில் உலகநாதனும் தையலம்மாளும் குழந்தைவேலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தையலம்மாள் கட்டில் பக்கம் போகப் பயந்து கதவோரம் நின்றாள். நடந்ததைக் குழந்தைவேல்தான் சொன்னார். சிராஜுதீன் சபுராவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு சிரிக்க ஆரம்பித்தான். கால் வலித்தும் நிறுத்த முடியவில்லை.

"தங்கச்சி, அடுத்த தபா எண்ணெய் தேய்க்கணும்னா எனக்குத் தேய்ச்சி வுடு, வண்டிக்கு வேணாம்" என்றான். பிறகு உலகநாதன் பக்கம் கையை நீட்டினான். "இன்னாடா, ஊமையாட்டம் நிக்கற?"

"எனக்கு வாயத் தெறக்கவே பயமா இருக்குதுடா."

"தெறடா. சொல்லு. என் கால் நடக்குமா, நடக்காதா?"

உலகநாதன் நீட்டின கையைப் பிடித்துக்கொண்டான். "நடக்கும்டா" என்றான். "அடுத்த மாசி கோட்லயும் நிப்ப."

அடுத்த மாசியில் சிராஜுதீன் லேசாய் விந்தியபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு கரைமேல் ஏறினான். சரிவில் இறங்கினான். முன்சக்கரம் சுண்ணாம்பைத் தொட்டு நின்றது. அந்தக் கிறீச்சில் எஞ்சினியர் காதைப் பொத்திக்கொண்டார், செல்லக்கண்ணுவின் மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டில் தையலம்மாள் அடுப்பு முன்னால் இருந்தாள். சத்தம் காதில் விழுந்ததும் சிராஜண்ணனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.