பனிமாதா மடத்தில் ஒரு வாரம்

"டாங்...!"

கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தாள் நிஷாந்தி.

மழைக்கு ஒதுங்கத்தான் மடத்துக் கோபுரத்தடிக்கு ஓடி வந்தாள். கருங்கல் படி வழுக்கியது. விழாமலிருக்க எதிரே தொங்கிய கயிற்றைப் பிடித்தாள்... அது மணிக்கயிறு என்று யார் கண்டது?

"யாருங்க அது, செப நேரத்துல மணி அடிக்கிறது?"

நனைந்த தலையோடு ஒருவன் ஓடி வந்தான். கோபமாகத்தான் வந்தான். ஆனால் அந்தக் கண்கள்... கோபப்பட்டே பழகாத கண்கள்!

"நான் அடிக்கல. வழுக்கிருச்சு. விழுந்திருந்தா சந்தோசமா உங்களுக்கு?"

"ஐயோ... அடி பட்டுச்சா?"

"இல்ல பிரதர்."

"நான் மடத்துப் பிரதர் இல்லீங்க," அவன் சிரித்துவிட்டான். "மிலான். கொஞ்ச நாளா இங்க தங்கியிருக்கேன்."

அவள் கொழும்பில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்பவள். ஒரு வார லீவில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எங்க லயத்து வீட்டு வாசல்ல நின்னா இந்தக் கோபுரம் தெரியும். சின்னப் புள்ளையில இருந்து பாக்குறேன், இன்னைக்குத்தான் ஏறி வந்தேன். நாங்க மாரியம்மாவக் கும்புடுறவங்க... உள்ள வரலாமா?"

"மாதா அதெல்லாம் கேக்க மாட்டாங்க. வாங்க."

உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்தூண்கள் உயர்ந்து உயர்ந்து இருட்டுக்குள் போய் மறைந்தன. உயரத்துச் சன்னல் வழியே மலைமூட்டம் மெல்ல உள்ளே இறங்கி, பீடத்து மெழுகுவர்த்திகளைச் சுற்றிப் பொன்னாகக் கரைந்தது. இரு பக்கமும் வெள்ளை அங்கித் துறவிகள். இந்தப் பக்கம் ஓர் அடி பாட, அந்தப் பக்கம் மறு அடி. தளர்ந்த கிழக்குரல்கள்தான்... சேர்ந்து எழும்போது கல்லே பாடுவது போலிருந்தது. பாட்டு ஓய்ந்தது. அதன்பின் வந்த அமைதி அதைவிடப் பெரிதாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு. எதற்கென்றே தெரியாமல் கண்ணீர் வழிந்தது.

"எனக்கும் மொத நாள் இப்படித்தான்," என்றான் மிலான், மிக மெல்ல.

மறுநாளும் ஏறினாள். அதற்கு மறுநாளும்... பாட்டைக் கேட்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாட்டு முடிந்தபின் விறாந்தையில் இஞ்சி போட்ட பிளேன்டீயோடு நேரம் போவதே தெரியாமல் பேசிக்கொண்டிருந்ததை யாரிடம் சொல்வது?

லீவின் கடைசி நாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து நின்றார். கையில் செபமாலை. மிலானின் முகம் வெளுத்தது.

"அம்மா..."

ஐவியம்மா அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "நாளைக்கு என் மகனுக்குத் துறவி அங்கி உடுத்துறாங்க. தெரியுமாம்மா? பொறந்தப்ப பொழைக்க மாட்டான்னாங்க. பொழைச்சா உனக்கே குடுத்துடுறேன்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன்."

நிஷாந்தி மிலானைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னானா இவன்? ஒரே ஒரு வார்த்தை...

"தெரியாதும்மா," என்றாள் தலை நிமிர்ந்து. "வழிய மறிச்சு நிக்க மாட்டேன். மாதாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

நேரே கோயிலுக்குள் போனாள். யாருமில்லை. இத்தனை நாளும் நின்றே பார்த்தவள் முதல்முறையாக முழந்தாளிட்டு அழுதாள்.

"தாயே... உனக்குக் குடுத்தத நான் கேக்க மாட்டேன். அவர நல்லா வச்சுக்க... அது போதும்."

எழுந்து திரும்பினால், பின்னால் ஐவியம்மா! கண்கள் கலங்கியிருந்தன.

"நேர்ந்தது நீங்க, போறது அவனான்னு இந்த மடத்துப் பெரிய சாமி காலையில கேட்டாரு. எனக்குக் கோபம் வந்துச்சு..." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "என் புள்ளைக்காக நான் அழுததெல்லாம் இந்த எடத்துலதாம்மா. இன்னைக்கு நீ அழுவுற. டேய் மிலான்! உள்ள வா. உன் மனசுல இருக்கறத மாதா முன்னால நீயே சொல்லு."

அவர் வெளியே போனார். அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏன் சொல்லல?" நிஷாந்தியின் குரல் உடைந்தது.

"சொன்னா மறுநாள் வர மாட்டீங்களோன்னு பயம்... ஒரு வாரமா செபத்துல உட்காந்தா உங்களப் பத்தித்தான் மாதாகிட்ட பேசுறேன்."

"மாதா என்ன சொன்னாங்களாம்?"

"உங்ககிட்டயே கேக்கச் சொன்னாங்க."

கண்ணீருக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"எங்கப்பாகிட்டயும் கேக்கணும். அவர் சாமியாடி... லேசுல மசிய மாட்டாரு. ஆனா மொதல்ல என்கிட்ட கேளுங்க."

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு நிஷாந்தி... உங்களுக்கு?"

அந்தப் பெரிய அமைதிக்குள் அவள் குரல் தூண் தூணாகத் தொட்டுக்கொண்டு மேலே போனது.

"புடிச்சிருக்கு!"